விறகு பாய்லருக்குக் குறைந்த செலவில் வெந்நீர்த் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் பைப் வேலை, பாய்லர் வேலை என்று 20 வருடம் ஓடிவிட்டது. மார்கழி பிறந்தால் போன் நிற்காது. கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டதையே மறுநாள் கோத்தகிரியிலிருந்து இன்னொருவர் கேட்பார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

விறகு பாய்லர் என்று இங்கே நான் சொல்வது, நடுவில் தீ எரிந்து, சுற்றிலும் தண்ணீர் நின்று, மேலே புகைக்குழாய் போகும் சாதாரண வீட்டுப் பாய்லரை. சமையல் அடுப்புக்குள் பைப் சுருள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாய்லரே இருக்கு, அதுல இருந்து சுடுதண்ணி வருது. தனியா எதுக்கு ஒரு தொட்டி?

வீட்டுப் பாய்லரில் 40, 50 லிட்டர் நிற்கும். இரண்டு பேர் குளித்ததும் அது பச்சைத் தண்ணீர் ஆகிவிடும். மறுபடி விறகு வைத்து, ஊதி, காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் இது நடக்கிற காரியமா? அதற்காகவே வீட்டில் ஒருவர் விடியற்காலை 4:30 மணிக்கு எழுந்து புகையில் உட்காருகிறார். என் அம்மா அப்படித்தான் உட்கார்ந்தார். அவர் கண் எரிச்சலைப் பார்த்துத்தான் நான் முதல் தொட்டியைக் கட்டினேன்.

தொட்டி இருந்தால் முந்தைய நாள் மாலையே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நன்றாக எரித்து, சூட்டைத் தொட்டியில் ஏற்றிவிடலாம். காலையில் குழாயைத் திறந்தால் போதும். இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு கட்டையைப் போட்டுப் புகையவிட்டு நாள் முழுக்க எரிப்பதைவிட, காய்ந்த விறகைக் கொழுந்துவிட்டு ஒரே மூச்சில் எரித்தால் விறகின் சூடு வீணாகாமல் தண்ணீருக்குப் போகும். புகையும் குறையும், புகைக்குழாயும் சீக்கிரம் அடைக்காது.

எங்க வீட்ல அஞ்சு பேரு. எத்தனை லிட்டர் தொட்டி வேணும்?

200 லிட்டர் தாராளமாகப் போதும். கணக்கு இதுதான். தொட்டியில் 60 டிகிரி வெந்நீர் இருக்கிறது, குழாயில் 12 டிகிரி பச்சைத் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரிக்கு விளாவிக் குளிக்க, ஒவ்வொரு 10 லிட்டரிலும் ஏறக்குறைய 6 லிட்டர் வெந்நீர், 4 லிட்டர் பச்சைத் தண்ணீர். ஒருவருக்கு இரண்டு பக்கெட், அதாவது 40 லிட்டர் என்றால் வெந்நீர் 23, 24 லிட்டர்தான் செலவாகும். ஐந்து பேருக்கு 120 லிட்டர். மீதி பாத்திரம் கழுவ, துணி அலச.

மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டரே போதும். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். அதைப் பெரிய தொட்டி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இவ்ளோ தண்ணிய காய வைக்க எவ்ளோ விறகு ஆகும்?

200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏற்ற 10,000 கிலோ கலோரி வேண்டும். கீசரில் என்றால் இது 11, 12 யூனிட் கரண்ட். நன்கு காய்ந்த விறகில் ஒரு கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி அளவுக்குச் சூடு இருக்கிறது. ஆனால் வீட்டுப் பாய்லர் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கும், மற்றது புகைக்குழாய் வழியே போய்விடும். ஆக, 8 கிலோ சுமாருக்குக் காய்ந்த விறகு.

ஈர விறகு என்றால் இந்தக் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அன்று வெட்டிய கட்டையில் பாதி எடை தண்ணீர்தான். உங்கள் குளியல் தண்ணீரைக் காய வைக்கும் முன் அந்தக் கட்டைக்குள் இருக்கும் தண்ணீரைக் காய வைக்கிறீர்கள்.

தொட்டிக்கு என்ன வாங்கறது? பழைய ஆயில் டிரம் சும்மா கிடக்கு, அது ஆகாதா?

டிரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் மலைத் தண்ணீரில் உப்பு குறைவு. அதனால் பாய்லரில் கல் படியாது, நல்லதுதான். ஆனால் அதே தண்ணீர் மெல்லிய இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். டிரம் தகடு பெரும்பாலும் ஒன்றேகால் மில்லியைத் தாண்டாது. இரண்டு மழைக்காலம் தாண்டினால் வெல்டிங் ஓரத்தில் கசியத் தொடங்கும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் கிரைண்டரோ கேஸ் கட்டரோ வைப்பது உயிருக்கே ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி தீப்பிடித்து வெடிக்கும். பூச்சிமருந்து டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

என் முதல் சிபாரிசு, பழைய சோலார் வாட்டர் ஹீட்டரின் தொட்டி. தகட்டுப் பேனல் வைத்த பழைய மாடல்களில் பேனல் ஓட்டையாகிக் கழற்றிப் போட்டிருப்பார்கள், தொட்டி நன்றாக இருக்கும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுற்றிலும் ஃபோம், அதற்கு மேல் தகடு. பேனலுக்குப் போகவும் வரவும் இரண்டு வாய், பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று நமக்கு வேண்டிய ஐந்து வாயும் அதிலேயே இருக்கும். பழைய இரும்புக் கடையிலும் சோலார் சர்வீஸ் செய்பவர்களிடமும் கேட்டு வையுங்கள், கிடைக்கும். கண்ணாடிக் குழாய் மாடலின் தொட்டியை மட்டும் எடுக்காதீர்கள். குழாய் செருகிய ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அத்தனையையும் அடைத்துக் கசியாமல் வைப்பது பெரும்பாடு.

அது கிடைக்காவிட்டால் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் லேத் பட்டறையில் உருளையாகச் செய்யச் சொல்லுங்கள். அகலத்தைவிட உயரம் அதிகமாக இருக்கட்டும். காரணம் பைப் பற்றிய கேள்வியில் வரும்.

ஜிஐ தகட்டுல செஞ்சா விலை கம்மியாச்சே? இல்ல, சின்டெக்ஸ்?

ஜிஐ தகட்டின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு, தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். 60 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் இந்தக் குணம் தலைகீழாகி, இரும்பு முதலில் அரிபட வாய்ப்பு உண்டு. பாய்லரில் தாமிரச் சுருள் இருந்தால் இன்னும் மோசம், தண்ணீரில் வரும் துளித் தாமிரமே ஜிஐயில் ஊசி ஊசியாக ஓட்டை போடும். பிளாஸ்டிக் தொட்டி வெயிலைத் தாங்கச் செய்தது, வெந்நீரைத் தாங்க அல்ல. சூட்டில் இளகி வயிறு தள்ளிவிடும்.

காலி கேஸ் சிலிண்டர் கெட்டியா இருக்குமே அண்ணா?

கூடாது. சமையல் கேஸ் சிலிண்டர் நம்முடையது அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையது. வெட்டுவது குற்றம், உள்ளே மிச்ச வாயு இருந்தால் வெட்டுபவர் பிழைக்க மாட்டார்.

தொட்டியை எங்க வைக்கணும்? மோட்டார் இல்லாம தண்ணி சுத்துமா?

சுற்றும், தொட்டி பாய்லரைவிட உயரத்தில் இருந்தால். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். தொட்டியின் அடிப்பாகம் பாய்லரின் மேல் மட்டத்தைவிட ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்தில் இருந்தால் தீ மூட்டியதும் தானாகச் சுழலத் தொடங்கும். இரவில் தீ அணைந்த பிறகு தொட்டியின் சூடு பாய்லருக்குத் திரும்பி வீணாகாததற்கும் இந்த உயரம்தான் காரணம். தொட்டி கீழே, பாய்லர் மேலே என்று அமைந்துவிட்டால் மோட்டார் வேண்டும். கரண்ட் போன நேரத்தில் தீ எரிந்துகொண்டிருந்தால் பாய்லர் கொதிக்கும். முடிந்தவரை அந்த நிலைக்கே போகாதீர்கள்.

எடையை மறக்க வேண்டாம். 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. பரண் பலகையிலும் சிமெண்ட் ஷீட் கூரை மேலும் ஏற்றாதீர்கள். செங்கல் தூண் அல்லது ஆங்கிள் ஸ்டாண்ட், அதுவும் தரையிலிருந்து எழும்பியதாக இருக்கட்டும். குளியலறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் 15 மீட்டர் தள்ளி வைத்தால், ஒவ்வொரு முறையும் 4, 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் ஓடிய பிறகுதான் சூடு வரும்.

எந்த பைப்பை எந்த வாயில சேர்க்கணும்? எனக்கு எப்பவும் குழம்புது.

நான்கு பைப். பாய்லரின் தலையிலிருந்து தொட்டியின் மேல்பக்கத்துக்கு ஒன்று. தொட்டியின் அடியிலிருந்து பாய்லரின் அடிக்கு ஒன்று. இந்த இரண்டும் 1 இஞ்சுக்குக் குறையக் கூடாது. இடையில் எங்கும் பள்ளமோ மேடோ இல்லாமல், பாய்லரிலிருந்து தொட்டி வரை ஒரே ஏற்றமாகப் போக வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தாலும் அங்கே காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும். எல்போவை (முழங்கை போன்ற இணைப்பு) குறைத்து, முடிந்த இடத்தில் பைப்பையே வளைத்து விடுங்கள்.

மூன்றாவது, குளியலறைக்குப் போகும் வெந்நீர். அதைத் தொட்டியின் உச்சியிலிருந்து எடுக்க வேண்டும். நான்காவது, பச்சைத் தண்ணீர், அது அடியில் நுழைய வேண்டும். சூடான தண்ணீர் மேலேயே மிதந்து நிற்கும், குளிர்ந்தது அடியில் தங்கும். இரண்டும் கலக்காமல் இருந்தால் தொட்டியில் பாதி காலியான பிறகும் மேலே இருப்பது அதே சூட்டில் வரும். அதனால்தான் உயரமான தொட்டி என்றேன். பச்சைத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கலக்காமல் இருக்க, உள்ளே நுழையும் வாயில் ஒரு டீயை (T வடிவ பைப் இணைப்பு) வைத்து இரு பக்கமும் பிரித்து விடுங்கள். விலை குறைந்த இந்த டீ செய்யும் வேலையைப் பெரிய தொட்டி செய்யாது.

அடியில் ஒரு கேட் வால்வும் வைத்து, மாதம் ஒருமுறை இரண்டு பக்கெட் திறந்து விட்டால் வண்டல் போய்விடும்.

தொட்டி மேல ஒரு பைப் திறந்தபடியே நிக்குதே, அதுல எப்பவாச்சும் சொட்டுது. மூடி போட்டா என்ன?

மூடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

15 டிகிரி தண்ணீர் 70 டிகிரி ஆகும்போது 100 லிட்டருக்கு 2 லிட்டருக்கு மேல் பெருகும். 200 லிட்டர் தொட்டியில் 4 லிட்டருக்கு மேல் கூடுதல் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். தீ இன்னும் எரிந்தால் கொதி வரும். ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குச் சற்று முன்பே தண்ணீர் கொதித்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு லிட்டருக்குக் குறையாமல் இடம் கேட்கும். அந்த வழிதான் இந்தக் காற்றுக் குழாய். கீசருக்கு இருப்பது போல ஸ்விட்சை அணைத்துச் சூட்டை நிறுத்த முடியாது. விறகு எரிந்து தணியும் வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

நான் கட்டிய இரண்டாவது தொட்டியில் தண்ணீர் சொட்டுகிறது என்று வீட்டார் சொல்ல, காற்றுக் குழாயில் ஒரு வால்வு வைத்துக் கொடுத்தேன். சொட்டும்போது மட்டும் மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தட்டையாக இருந்த மேல்மூடி பூரி போல உப்பி நிற்கிறது. ஓர வெல்டிங்கில் தலைமுடி அளவுக்குக் கீறல், அதிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் சின்னப் பிள்ளை படுக்கும் கட்டில். தீயை வாரி வெளியே கொட்டி, வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அன்றிலிருந்து காற்றுக் குழாயில் எந்த வால்வும் நான் வைப்பதில்லை, யார் கேட்டாலும் வைக்க மாட்டேன்.

குழாய் முக்கால் இஞ்சுக்குக் குறையாமல் இருக்கட்டும். அதன் வாய், பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட ஓர் அடி, ஒன்றரை அடி உயரமாக இருக்க வேண்டும். வாயைக் கீழ்நோக்கி வளைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் திருப்பி விடுங்கள். சொட்டுவது அதிகமாக இருந்தால் உயரம் போதவில்லை என்று அர்த்தம், உயர்த்துங்கள்.

மொட்டைமாடி தொட்டியில இருந்து நேரா பச்சைத் தண்ணி கொடுத்துடலாமா?

உயரம் அதிகம் என்றால் கூடாது. மாடித் தொட்டி 6 மீட்டர் மேலே இருக்கிறது என்றால், 2 அடி விட்டமுள்ள தட்டை மூடியை அந்தத் தண்ணீர் ஒன்றரை டன்னுக்கும் மேலான பலத்தில் அழுத்தும். அதைத் தாங்கக் கெட்டித் தகடும் குவிந்த மூடியும் வேண்டும், செலவு எகிறும்.

அதற்குப் பதில், வெந்நீர்த் தொட்டிக்குச் சற்று மேலே 40, 50 லிட்டரில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, மாடித் தண்ணீரைப் பால் வால்வு (தொட்டி நிரம்பியதும் தானாக மூடும் மிதவை வால்வு) போட்டு அதில் நிரப்புங்கள். அங்கிருந்து வெந்நீர்த் தொட்டிக்கு இறக்குங்கள். பால் வால்வை விளிம்பு வரை நிரம்பும்படி வைக்காமல் நாலு விரல் தாழ்த்தி வையுங்கள். மேலே சொன்ன 4 லிட்டர் பெருக்கம் திரும்பி வந்து நிற்க அந்த இடம் வேண்டும். இந்த இறக்கும் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போடாதீர்கள்.

ராத்திரி 8 மணிக்கு காய வச்சா காலையில வரை சூடு நிக்குமா? சாக்கு சுத்தினா போதுமா?

வெறும் தொட்டி என்றால் நிற்காது. 12 டிகிரிக் குளிரில் 60 டிகிரி வெந்நீரோடு 200 லிட்டர் தொட்டியை மூடாமல் விட்டால், 10 மணி நேரத்தில் 30 டிகிரி சுமாருக்கு இறங்கிவிடும். 2 இஞ்ச் கிளாஸ் வூல் அல்லது ராக் வூல் சுற்றினால் அதே 10 மணி நேரத்தில் 4 டிகிரிதான் குறையும். மாலையில் எரித்த விறகில் பாதிக்கு மேல் இரவில் பறிகொடுப்பதா, காப்பாற்றுவதா என்பது அந்த 2 இஞ்சில் இருக்கிறது. கையில் இருக்கும் பணம் பெரிய பாய்லருக்கா, தொட்டிக்கு உறை போடவா என்று கேட்டால், யோசிக்காமல் உறைக்கு என்பேன்.

சாக்கு நம் மலையில் பயன்படாது. மூடுபனியில் ஈரம் குடித்துக் கனத்துப்போகும், ஈரமான உறை சூட்டை வெளியே கடத்தத்தான் செய்யும். தெர்மாக்கோலை நேராகத் தொட்டியில் ஒட்டாதீர்கள், 80 டிகிரியை நெருங்கினால் சுருங்கிக் குழைந்துவிடும்.

செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது, நெல் உமி. தொட்டியைச் சுற்றி அரை அடி இடம் விட்டுச் செங்கல் சுவர் எழுப்பி, அந்த இடைவெளியில் காய்ந்த உமியை நிரப்புவது. அடியிலும் மேலேயும் அதே அரை அடி. சுவரின் உட்பக்கம் தார்ப்பாய் விரித்துவிட்டால் ஈரம் ஏறாது. அரை அடி உமி, 2 இஞ்ச் கிளாஸ் வூலைவிட நன்றாகவே சூட்டைத் தாங்குகிறது. மேட்டுப்பாளையம் பக்கம் அரிசி ஆலையிலிருந்து மூட்டையாக ஏற்றி வந்து இதுவரை பல வீடுகளில் நிரப்பியிருக்கிறேன். எலி நுழையாமல் மேலே கம்பிவலை போட வேண்டும். உமி வருடத்துக்கு ஒரு சாண் அமுங்கும், மேலே நிரப்பிக்கொள்ள வேண்டும். புகைக்குழாய் அந்த உமியிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். உமியில் தீப்பிடித்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

தொட்டியை மூடிவிட்டுப் பைப்பை அம்மணமாக விடுபவர்கள் நிறையப் பேர். வெந்நீர் பைப் முழுவதற்கும் உறை போடுங்கள். விடிகாலையில் கையை வைத்துப் பாருங்கள். எங்கே கை இதமாக உணர்கிறதோ அங்கே சூடு ஒழுகுகிறது.

பிவிசி பைப் மிச்சம் இருக்கு, போட்டுக்கலாமா?

பச்சைத் தண்ணீர் வரும் பக்கம் போடலாம், அதுவும் தொட்டிக்கு ஒரு மீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். குளியலறைக்குப் போகும் வெந்நீருக்கு சிபிவிசி, அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப். பாய்லருக்கும் தொட்டிக்கும் நடுவே மட்டும் உலோகம்தான், கெட்டியான ஜிஐ பைப் அல்லது தாமிரம். பாய்லரில் தாமிரச் சுருள் இருந்தால் ஜிஐ வேண்டாம், தாமிரமே. தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் தாமிரத்தால் அதற்கு ஆபத்தில்லை. கொதிநீரும் ஆவியும் வரும் இடத்தில் பிளாஸ்டிக் எதுவும் நம்பிக்கையானது அல்ல.

தீ நல்லா எரியும்போது பாய்லர் டொக்கு டொக்குனு இடிக்குது. வெடிச்சிருமோன்னு பயமா இருக்கு.

காற்றுக் குழாய் திறந்திருந்தால் வெடிக்காது. பாய்லருக்குள் தண்ணீர் நகராமல் அங்கேயே கொதித்து, ஆவிக் குமிழ் உடையும் சத்தம் அது. முக்கால்வாசி நேரம் காரணம், பைப்பில் தங்கிய காற்று. தீ தணிந்த பிறகு ஏறும் பைப்பின் உச்சியிலுள்ள யூனியனை (கழற்றி மாட்டும் இணைப்பு) சற்றுத் தளர்த்தினால் புஸ் என்று காற்று போய்த் தண்ணீர் வரும், பிறகு இறுக்கிவிடுங்கள். மறுபடி மறுபடி வந்தால் பைப்பின் ஏற்றம் சரியில்லை. மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள்.

பைப் சரியாக இருந்தும் இடித்தால் வண்டல் அடைத்திருக்கலாம். காற்றுக் குழாயில் யாராவது துணி செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

தீ எரிஞ்சிட்டிருக்கும்போது தண்ணி நின்னு போச்சுன்னா?

முதலில் தீயை வெளியே இழுத்து மண்ணைப் போடுங்கள். பாய்லர் காலியாகிப் பழுக்கச் சூடேறியிருந்தால் உடனே பச்சைத் தண்ணீர் விடக் கூடாது, அந்த நொடியே ஆவியாகிச் சீறும். முழுக்க ஆறிய பிறகு நிரப்புங்கள். தினமும் விறகு வைப்பதற்கு முன்பு வெந்நீர்க் குழாயை ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த நிலை வராது.

ஹோம்ஸ்டே வச்சிருக்கோம். ஒரேயடியா 1,000 லிட்டர் கட்டிடலாமா?

பாய்லரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. சின்னப் பாய்லரோடு 1,000 லிட்டரைச் சேர்த்தால், நாலைந்து மணி நேரம் எரித்தாலும் உள்ளே வந்துகொண்டிருப்பது குளிர்ந்த தண்ணீர்தான். பாய்லரின் சுவர் சூடேறாது. அந்தக் குளிர்ந்த சுவரில் புகை பட்டுத் தார் போலக் கறுப்பாக ஒட்டும். அது தடித்தால் சூடு ஏறுவது இன்னும் குறையும், பிறகு ஒரு நாள் புகைக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

300 லிட்டரில் இரண்டு தொட்டி வைத்து, நடுவில் வால்வு போடுங்கள். விருந்தினர் இல்லாத நாளில் ஒன்று, இருக்கும் நாளில் இரண்டு. முதல் தொட்டி சூடேறிய பிறகு இரண்டாவதைத் திறப்பதால் பாய்லரும் சீக்கிரம் சூடாகும். வால்வை மூடினாலும் ஒவ்வொரு தொட்டிக்கும் அதனதன் காற்றுக் குழாய் திறந்தே இருக்க வேண்டும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

நீங்க சொல்ற மாதிரி பச்சைத் தண்ணிக்கு மேல ஒரு சின்ன தொட்டி வச்சா ஷவர்ல வேகம் வராதே?

வராது, உண்மைதான். பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவர்களுக்குக் கவலை இல்லை. ஷவர் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. திறந்த வெந்நீர்த் தொட்டிக்குள் 15 மில்லி தாமிரக் குழாயை 15 மீட்டர் நீளத்துக்குச் சுருளாக இறக்கி, மாடித் தொட்டித் தண்ணீரை அதற்குள் ஓட விடுவது. அழுத்தம் முழுதும் தாமிரக் குழாய்க்குள் மட்டுமே இருக்கும், தொட்டிக்கு அழுத்தமே இல்லை. போகிற போக்கில் தண்ணீர் சூடாகி வெளியே வரும்.

இதில் இன்னொரு நன்மை, தொட்டித் தண்ணீர் மாறாமல் அதே தண்ணீராக நிற்பதால் புதுக் காற்று சேராது, துருவும் குறையும். ஆவியாகிக் குறைவதை மட்டும் நிரப்ப வேண்டும். ஆனால் தொட்டி 65 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஒரு ஷவருக்குத்தான் தாங்கும். தாமிரத்துக்கே பெரிய தொகை ஆகும். அதனால் குறைந்த செலவு என்று தொடங்கியவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வதில்லை.

சோலார் ஏற்கெனவே இருக்கு. ரெண்டையும் ஒரே தொட்டியில சேர்க்கலாமா?

தகட்டுப் பேனல் மாடலாக இருந்து, தொட்டி பேனலுக்கும் பாய்லருக்கும் மேலே இருந்தால் சேர்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் விலகாத நாட்களில் விறகு, ஜனவரி வெயிலில் சோலார். இரண்டுக்கும் தனித்தனி வாய் இருக்கட்டும். விறகு எரிக்கும் இரவில் பேனலுக்குப் போகும் வால்வை மூடினால், உறைபனி இரவில் பேனல் வழியே சூடு போகாது. மறுநாள் வெயில் ஏறும் முன் திறந்துவிட மறக்காதீர்கள், மூடிய பேனலும் கொதிக்கும்.

இந்தத் தண்ணிய சமையலுக்கு எடுக்கலாமா? பிள்ளைங்க குளிக்க எத்தனை டிகிரி பத்திரம்?

குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். தொட்டி நல்ல ஸ்டீலாக இருந்தாலும் பாய்லர் இரும்பு, தண்ணீர் அதன் வழியாகத்தான் வருகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். பிள்ளையின் தோல் இன்னும் மெல்லியது. பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். இந்த வரிசையை வீட்டில் சட்டமாக வையுங்கள். அதற்காகத் தொட்டியையே 45 டிகிரியில் வைப்பது தப்பு. வெதுவெதுப்பில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் கிருமி பெருகும். தொட்டி ஒவ்வொரு முறையும் 60 டிகிரியைத் தொடட்டும், விளாவுவது பக்கெட்டில் நடக்கட்டும்.

பாய்லரை குளியலறைக்குள்ளயே வச்சா கதகதப்பா இருக்குமே?

உயிர் போகும். கதவு சாத்திய அறையில் தணல் இருந்தால் வாசனையே இல்லாத விஷவாயு நிறையும். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி எழாமல் போனவர்கள் பற்றிய செய்தி மலையில் புதிது அல்ல. பாய்லர் வெளியே, அல்லது மூன்று பக்கம் திறந்த சாய்ப்பில்.

எந்த விறகு நல்லது? எங்க தோட்டத்து மரத்தையே வெட்டிக்கலாமா?

சீகை மரம் (வாட்டில்) நன்றாக நின்று எரியும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சரி, நன்கு காய்ந்திருந்தால். எனக்குப் பிடித்தது தேயிலைக் கவாத்தில் விழும் மிளாறு. விரல் தடிமன், சீக்கிரம் காயும், கொழுந்துவிட்டு எரியும். தொட்டி வைத்திருப்பவருக்கு வேண்டியது அந்த மாதிரி வேகமான தீதான். எதுவானாலும் மழை படாமல், காற்றாட ஆறு மாதம் அடுக்கி வைத்தது என்றால் கவலை இல்லை.

சொந்தப் பட்டா நிலமானாலும் மலையில் மரம் வெட்ட அனுமதி வேண்டும். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிளை கழிப்பது, கவாத்து, விழுந்த மரம் என்று எதுவானாலும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சோலைக்குள் போய் ஒரு சுள்ளிகூட எடுக்காதீர்கள். நமக்கு இந்தத் தண்ணீரே அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது.

எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

போன வருடம் ஒரு வீட்டில் பழைய 200 லிட்டர் சோலார் தொட்டி, செங்கல் தூண், ஜிஐ பைப், சின்னத் தொட்டி, பால் வால்வு எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. அதில் தொட்டியே 6,000. இரண்டு நாள் வேலை. புதுத் தொட்டி வாங்கினால் இந்தத் தொகை இரண்டு மடங்கைத் தாண்டும். பணம் பற்றாது என்றால் 100 லிட்டரில் தொடங்குங்கள், காற்றுக் குழாயையும் உறையையும் மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

பழைய தொட்டி வாங்கும்போது ஓட்டை இருக்கான்னு எப்படி பாக்கறது?

வெளித்தகடு பளபளப்பதை நம்ப வேண்டாம். ஒரு வாயைத் தவிர மற்ற எல்லா வாயிலும் மூடி போட்டு, தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். காலையில் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள் தொட்டி கசிந்தால் ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், உடனே வெளியே தெரியாது. அடித்தகட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு, கைக்குச் சில்லென்று ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபோம் காய்ந்திருந்தால் தட்டும்போது ஒரே மாதிரி சத்தம் வரும், ஊறியிருந்தால் அடிப்பக்கம் மட்டும் மொத்தையாகக் கேட்கும். ஓர் இரவு வைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.